ஒரு ராத்தல் தானியம்



அறிவியல், மருத்துவம், சுற்றுச்சூழல் இவற்றின் வரலாற்றை ஆராய்கிற ஒருவரின் கல்விவாழ்க்கை எப்படி அமைகிறது என்று பேசச் சொன்னார்கள். பொதுப்படையாகப் பேசினால் மதிய வேளையில் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பிரிட்டிஷ்காரர். ஆனால் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது நம்மைப் பற்றி. பெயர் டேவிட் ஆர்னால்ட்.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். லங்காஸ்டர், லண்டனில் சோவாஸ், கடைசியாக வார்விக் என்று பேராசிரியர் பணி. பிரிட்டிஷ் அகாதெமியின் உறுப்பினர். ஓய்வுபெற்ற பிறகும் புத்தகம் எழுதுவதை நிறுத்தவில்லை. இதெல்லாம் எந்தப் பின்னட்டையிலும் கிடைக்கும். பின்னட்டையில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அரசியல் வரலாறு எழுத வந்த மனிதர் அம்மை, காலரா, பஞ்சம், அரிசி ஆலை, பாஷாணம் என்று எப்படிப் போனார்? பலர் இதை அவர் துறை மாறினார் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னை மாகாணத்துக் கோப்புகளில் அகப்பட்ட ஒரே கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை என்பதுதான் என் கட்சி. ஒரு மனிதன் உயிரோடு இருக்க எவ்வளவு போதும், அதை முடிவுசெய்யும் அதிகாரம் யாருக்கு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அவருடைய புத்தகங்களுக்குள் போகலாம்.

அவருடைய முதல் புத்தகம் 1977-இல் வந்தது. 1919 முதல் 1937 வரை தமிழ்நாட்டுக் காங்கிரஸ் எப்படி வளர்ந்தது என்பதே பொருள். ராஜாஜி, சத்தியமூர்த்தி, வேதாரண்யம், கோஷ்டிச் சண்டை எல்லாம் அதில் உண்டு. நல்ல புத்தகம்தான், ஆனாலும் அந்தக் காலத்தில் வந்த பல நல்ல புத்தகங்களில் ஒன்று. அதன்பின் 1859 முதல் 1947 வரையிலான சென்னை மாகாணப் போலீஸைப் பற்றி ஒன்று எழுதினார். அது 1986-இல் வெளிவந்தது. நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க 1854-இல் சென்னையில் ஒரு கமிஷன் அமைத்தார்களே, அதன் அறிக்கைக்குப் பின்தான் 1859-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் வருகிறது. அதாவது, போலீஸ் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே அடிபட்ட உடல் ஒன்று கிடக்கிறது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குள் போய் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே அரசாணைகள் துறைவாரியாகத்தான் கட்டிவைக்கப்பட்டிருக்கும். நீதித்துறை, வருவாய்த்துறை, பொதுத்துறை, அப்புறம் உள்ளாட்சியும் மருத்துவமும். நடந்த சம்பவத்துக்கோ துறை கிடையாது. சந்தையில் நெல் மூட்டையைக் கொள்ளையடித்தால் அது நீதித்துறைக்குக் குற்றம், வருவாய்த்துறைக்கு விலைவாசி, சுகாதாரத்துறைக்குக் காலரா வருவதற்கான அறிகுறி. ஆர்னால்ட் 1979-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 1918-இல் தென்னிந்தியாவில் நடந்த தானியக் கொள்ளைகளைப் பற்றியது அது. யுத்தகாலத்தில் அரிசி விலை ஏறுகிறது, துணி விலை ஏறுகிறது. செப்டம்பரில் சென்னை நகரத்திலேயே கடைகள் சூறையாடப்படுகின்றன. தேசிய இயக்கத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. சூறையாடியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது என்றும், விலையைக் கட்டுக்குள் வைக்கவேண்டிய வியாபாரியும் சர்க்காரும் தங்கள் கடமையிலிருந்து தவறிவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள் என்றும் ஆர்னால்ட் காட்டினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்ஃபுளுயன்சா வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அரைவயிறோடு இருந்தவர்கள்மேல் வந்து விழுந்த நோய் அது. அந்த நோயைப் பற்றி அவர் தனியாக எழுதியது நாற்பது ஆண்டுக்குப் பிறகு. அந்தக் கோப்பை அவர் உண்மையில் மூடவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

1982-இல் ரணஜித் குஹா தொகுத்த விளிம்புநிலை ஆய்வுகள் வரிசையின் முதல் தொகுதி வந்தது. அதில் கூடெம்–ராம்பா மலைவாசிகளின் கிளர்ச்சிகளைப் பற்றி ஆர்னால்ட் எழுதினார். இன்றைக்கு ஆந்திரத்தில் இருக்கும் அந்த மலைகள் அன்று சென்னை மாகாணம். 1879-இல் ஒரு பெரிய எழுச்சி. 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜுவின் கிளர்ச்சி. சீதாராம ராஜுவை நமக்குச் சினிமா வழியாகத் தெரியும். காட்டை வெட்டி எரித்து விதைக்கும் போடு சாகுபடிக்குத் தடை, கள் இறக்க வரி, 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் — சீதாராம ராஜு பிறக்கும் முன்பே இந்தக் கோபத்துக்கு இப்படிப் பல வேர்கள் இருந்தன. சுற்றுச்சூழல் வரலாறு என்று ஒரு துறை இந்தியாவில் பெயர் எடுப்பதற்கு முன்பே, கலகத்தின் கதையாக அது எழுதப்பட்டுவிட்டது. பின்னால் 1995-இல் ராமச்சந்திர குஹாவோடு சேர்ந்து தெற்காசியச் சுற்றுச்சூழல் வரலாற்றுக் கட்டுரைகளைத் தொகுத்தபோது, அவர் புதிதாக எங்கேயும் குடிபோகவில்லை.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் இடம் தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டினியாலும், பட்டினியின் பின்னால் வந்த காலராவாலும் பிற நோய்களாலும் செத்துப்போனார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்புகிறார். இந்த டெம்பிள் சில ஆண்டுகளுக்கு முன் பிகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகவே ஊதாரி என்று பேச்சு வாங்கியவர். அந்தப் பேச்சைக் கழுவிக்கொள்ள அவருக்குக் கிடைத்த இடம் நம் மாகாணம். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கையில் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று உத்தரவு போட்டார். ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மண் வெட்டிச் சுமக்கிற உடலுக்கு இது!

எதிர்த்தவர் யார் தெரியுமா? காங்கிரஸ்காரர் அல்ல, காங்கிரஸ் அப்போது பிறக்கவே இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர், டாக்டர் வில்லியம் கார்னிஷ். சர்க்கார் சம்பளம் வாங்குகிற வெள்ளைக்காரர். ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் அறிக்கைமேல் அறிக்கையாக எழுதினார். அவருக்கு எப்படித் தெரியும்? 1860-களிலேயே இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறையில் என்ன போடுகிறார்கள், அதனால் எத்தனை கைதி சாகிறான் என்று கணக்கெடுத்து எழுதியவர் அவர். வேலை செய்யும் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குற்றமே செய்யாத குடியானவனுக்குக் குறைவாகக் கிடைக்கலாமா என்ற வாதம் எழுந்தது. கடைசியில் மாகாண அரசு பாதி வழி இறங்கிவந்தது. ஒன்றேகால் ராத்தல், கொஞ்சம் பருப்பு. நடுவில் போனவர்கள் போனவர்கள்தான்.

மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்களை ஒரு கால்வாய்க்குள் நட்டிருக்கிறார்களே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் அந்தத் துண்டு, 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்கு.

இதில் வரலாற்றாசிரியரின் கைவண்ணம் எங்கே என்று கேட்பீர்கள். பஞ்சத்தைப் பற்றி எழுதியவர்கள் அதுவரை நிர்வாகத்தை எழுதினார்கள்; வெள்ளைக்காரன் செய்தது சரியா தப்பா என்று வழக்காடினார்கள். 1984-இல் ஆர்னால்ட் எழுதிய கட்டுரை, பஞ்சத்தைப் பஞ்சத்தில் அடிபட்டவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்று கேட்டது. மழைக்காகச் செய்த சடங்குகள், ஊரைவிட்டுக் கிளம்பும் முடிவு, தானியக் கிடங்கின்மேல் பாய்ச்சல் இவை எல்லாவற்றையும் புத்தி கெட்டுப்போனவர்களின் செய்கை என்று தள்ளாமல், ஒன்றன்பின் ஒன்றாக யோசித்து எடுத்த முயற்சிகளாகப் படித்தார். கொடும்பாவி கட்டி இழுத்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துப் புத்தகத்தில் அது ஏறியது அப்போதுதான்.

கார்னிஷின் சிறைக் கணக்கிலிருந்து 1993-இல் வந்த புத்தகத்துக்கு ஓர் எட்டுதான். 'கலனைசிங் தி பாடி' என்று தலைப்பு. உடலையே காலனியாக்குதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மருத்துவம் இந்தியாவுக்குக் கருணையோடு வந்தது என்று ஒரு கட்சி, ஆதிக்கக் கருவியாகவே வந்தது என்று இன்னொரு கட்சி. ஆர்னால்ட் முதலில் அது எங்கே வந்தது என்று பார்த்தார். பட்டாளத்துக்கு வந்தது, சிறைக்கு வந்தது. ஓட முடியாத, எண்ணத்தக்க, எடை போடத்தக்க உடல்கள் இருந்த இடங்கள் அவை இரண்டும்தான். பிறகு பெரியம்மை, காலரா, பிளேக் என்று மூன்று நோய்களை எடுத்துக்கொண்டு, மருத்துவம் அந்த மதில்களைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது என்ன ஆனது என்று எழுதினார்.

பிளேக் அத்தியாயம்தான் அதிகம் பேசப்பட்டது. 1896-இல் பம்பாயில் நோய் தொடங்குகிறது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வருகிறது. சில பத்திகளே கொண்ட சட்டம், ஆனால் அளவற்ற அதிகாரம். வீட்டுக்குள் புகலாம், ஆளைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோகலாம், ரயிலை நிறுத்தி அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்க்கலாம், பிணத்தை அறுக்கலாம். சட்டம் வருவதற்கு முன்பே பம்பாய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை மில் தொழிலாளர்கள் தாக்கியிருந்தார்கள். 1897 ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். தொடுதல் யாருடைய உரிமை என்ற கேள்வி இதற்குள் இருப்பதை ஆர்னால்ட் பார்த்தார். அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிப்பதையும், யாரென்று தெரியாதவர்கள் தம் பிணத்தைக் கீறுவதையும் எதிர்த்தவர்கள் எல்லாரும் மருந்துக்கு எதிரிகள் அல்லர். சட்டம் தளர்ந்து, கட்டாயம் குறைந்தபோது பலர் தாமாகவே ஊசி போட்டுக்கொள்ள வந்தார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார். கட்டாயப்படுத்தித் தோற்றபின் காலனி அரசு கற்றுக்கொண்டு பின்வாங்கிய அபூர்வச் சந்தர்ப்பம் இது.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லவேண்டும். தலைப்பு கொஞ்சம் பெரியது. சென்னை மாகாணத்தில் ஒரு சராசரிக் கிராமத்தான் தன் ஆயுளில் ஒரு சர்க்கார் டாக்டரைப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். அம்மை குத்த வருபவர் ஒருவர் வருவார், பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள், அவர் போய்விடுவார். மற்றபடி வேப்பிலையும் மாரியம்மனும் உள்ளூர் வைத்தியருந்தான். உடல் காலனியாகவில்லை, காலனி அரசின் ஆசைப்பட்டியலில் இருந்தது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆர்னால்டே இந்தக் குறுகலான எல்லையைப் புத்தகத்துக்குள் ஒத்துக்கொள்கிறார், அட்டை ஒத்துக்கொள்ளவில்லை.

சோற்றுக் கணக்குக்குத் திரும்புவோம். பஞ்சம் ஓய்ந்த இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கணக்கு குன்னூருக்குப் போய்ச் சேர்ந்தது. ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கே பாஸ்டர் நிலையத்தில் உணவு ஆராய்ச்சி நடத்தினார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று வரிசையாகப் போட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. வரிசையில் கடைசி எது என்று நினைக்கிறீர்கள்? மதராஸி எலி. நம் சோறு தின்ற எலிதான் வற்றலாக நின்றது.

சிரிக்கலாம். ஆனால் ஆர்னால்ட் 1994-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை சிரிப்புக்கு அப்பால் போகிறது. பட்டினி என்பது சர்க்காருக்கு வெட்கம். ஊட்டக்குறைவு என்பது மக்களின் பழக்கம், அறியாமை. ஒன்று இன்னொன்றாக மாறியபோது பொறுப்பும் கை மாறியது. மதராஸி ஏன் பால் குடிக்கவில்லை என்று கேட்டால் பதில் மாதக்கூலியில் இருக்கிறது, எலிக்கூண்டில் இல்லை. அதே வேளையில் அந்த ஆய்வகத்தை அவர் வெறும் ஏமாற்று என்று தள்ளவுமில்லை. பெரிபெரி நோயைப் பற்றி அவர் 2010-இல் எழுதியதைப் படித்துப் பாருங்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது தெலுங்குக் கடற்கரையில், காலும் இதயமும் செயலிழந்து ஆட்கள் செத்தார்கள். தெற்கே புழுங்கல் அரிசி தின்றவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்தது அந்தச் சத்தை எண்ணி அல்ல, நொறுங்காமல் குத்தவும் கெடாமல் வைக்கவும். பலன் என்னவோ கிடைத்தது.

இந்த அரிசி ஆலைதான் அவரை அடுத்த புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது என்று ஊகிக்கிறேன். 2013-இல் வந்த அந்தப் புத்தகம் அன்றாடக் கருவிகளைப் பற்றியது. ரயிலையும் அணையையும் தந்தியையும் விட்டுவிட்டு, தையல் மெஷின், சைக்கிள், டைப்ரைட்டர், ரைஸ் மில் இந்த நான்கையும் எடுத்துக்கொண்டார். சர்க்கார் கொண்டுவராமல், மக்களே காசு கொடுத்தோ கடன் வாங்கியோ வீட்டுக்குக் கொண்டுவந்த நவீனம் இது. ஆலை வந்ததும் உலக்கை ஓய்ந்தது. நெல் குத்திக் கூலி வாங்கிய ஏழைப்பெண்ணின் பிழைப்பும் ஓய்ந்தது. தீட்டிய வெள்ளை அரிசி கௌரவமானது. சத்து தவிட்டோடு போனது. மருத்துவம், தொழில்நுட்பம், பெண்களின் உழைப்பு, வயல் எல்லாம் ஒரு கைப்பிடி அரிசியில் வந்து நிற்கின்றன. எந்தத் துறை அலமாரியில் இதை வைப்பீர்கள்? என் மனத்துக்கு அவருடைய புத்தகங்களில் இதுவே நெருக்கமானது, பெரும்புகழ் பெற்றது 'கலனைசிங் தி பாடி' என்றாலும்.

நேரம் கருதி மற்றவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். வெப்பமண்டலம் என்பது பூமியின் ஒரு பகுதி மட்டுமல்ல, ஐரோப்பியர் பயத்தாலும் ஆசையாலும் கட்டிய ஒரு கற்பனையும் கூட என்று 1996-இலும் 2006-இலும் எழுதினார். இந்தியாவில் நச்சின் வரலாறு 2016-இல் வந்தது. தோலுக்காக மாட்டுக்குப் பாஷாணம் வைத்ததாகத் தாழ்த்தப்பட்டவர்கள்மேல் சுமத்திய குற்றச்சாட்டு, 1904-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம், அங்கிருந்து 1984-இன் போபால் வரை அது நீள்கிறது. ஆரம்பத்தில் விஷம் வைத்தவன் என்று ஏழையைப் பிடித்தார்கள். நூற்றாண்டின் முடிவில் ஒரு நகரத்துக்கே விஷம் வைத்த கம்பெனியைப் பிடிக்க முடியவில்லை. பிணம் எரித்தல் பற்றிய புத்தகம் 2021-இல் வந்தபோது, டெல்லியின் சிதைகளைப் படம்பிடித்து உலகப் பத்திரிகைகள் போட்டுக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே காலராவில் தொடங்கிக் கோவிட் வரைக்குமான நூல். 2020 மார்ச்சில் ராண்ட் காலத்து 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே மாநிலங்கள் கையில் எடுத்தன. தமிழ்நாட்டுக்கு 1939-இலிருந்தே சொந்தமாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் உண்டு, இந்தியாவில் முதன்முதலாக இயற்றியது நாம்தான். அப்படியும் பழைய சட்டம் இங்கேயும் வேலை செய்தது.

கடைசியாக, ஆர்னால்டோடு எனக்குள்ள வழக்கு. அவருடைய அடிக்குறிப்புகளில் பெரும்பங்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சர்க்கார் காகிதம். கார்னிஷ் பேசுகிறார், டெம்பிள் பேசுகிறார். குடியானவன் பேசுவதை அவர்கள் காதுவழியே நாம் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தை எதிர்த்திசையில் படிக்கும் வித்தை அவருக்கு நன்றாகத் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தமிழில் கும்மிகள் அச்சாகியிருக்கின்றன. சிவகங்கை வில்லியப்பப் பிள்ளை பாடிய பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் இருக்கிறது. அழுதுகொண்டே நையாண்டி செய்கிற நூல். பெரிபெரி காலத்து மருத்துவத்துக்கும் இதே கதைதான். உள்நாட்டு வைத்திய முறைகளை விசாரிக்க முகமது உஸ்மான் தலைமையில் சென்னை அரசு அமைத்த குழு 1923-இல் அறிக்கை தந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் சித்த வைத்தியர்கள் தமிழிலேயே எழுதிக்கொடுத்த சாட்சியங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நாடி என்றால் என்ன, மருந்து எப்படிக் கொடுக்கிறோம், ஆங்கில டாக்டர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள். இந்த அரங்கில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். கார்னிஷின் அறிக்கையை ஒரு கையிலும் அந்தச் சாட்சியங்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார வேண்டும். முதல் கையில் இருப்பதை ஆர்னால்ட் படித்துவிட்டார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.